அலர்மேல்மங்கையின் ஹோம் டூர்

இந்த அறையில் பீரோவை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தியிருப்பது சரியில்லை. அது கிழக்கு ஜன்னல். காலையில் வரவேண்டிய வெளிச்சத்தையெல்லாம் அந்த இரும்புப் பீரோ முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் படிக்கிறீர்கள். எதிர்ச் சுவரோரம் தள்ளி வைத்தால் இதே அறை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அருணா மேடம். முப்பது முப்பத்தைந்து வீடுகளுக்கு யோசனை சொன்ன பழக்கம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றுதான் என் கண் முதலில் தேடும்.

பேப்பரும் பேனாவும் கொடுத்து, நடந்ததை உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். நான் அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்தோ என்னவோ, கான்ஸ்டபிள் பெண் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்கு அவசியம் வராது.

என் பெயர் அலர்மேல்மங்கை. வயது ஐம்பத்திரண்டு. திருவள்ளூரில் பெருமாள் கோயில் குளத்துக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. என் கணவர் வெங்கட்ரமணன் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். அவருடைய அப்பா செய்ததும் அதே கைங்கரியம்தான். எங்கள் ஒரே பிள்ளை கேசவ் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர். கும்மிடிப்பூண்டியில் தனியாக வீடு எடுத்து இருக்கிறான். இதெல்லாம் உங்கள் ஃபைலில் முதல் பக்கத்திலேயே இருக்கும். 'மங்கையின் மனை' என்ற என் யூடியூப் சேனல் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. என் திரைச்சீலை வீடியோவைப் பார்த்துத்தான் க்வார்ட்டர்ஸில் கம்பியை விட்டத்துக்குப் பக்கத்தில் உயர்த்தி மாட்டினேன் என்று நீங்களே சொன்னீர்கள். இப்போது அந்த அறை உயரமாகத் தெரிகிறதல்லவா?

எனக்கு இதை யாரும் கற்றுத்தரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்பு மணவாள நகரில் ஒரு டாக்டர் வீட்டுக்கு நவராத்திரி வெற்றிலை பாக்குக்குப் போயிருந்தேன். பெரிய ஹால், நல்ல சாமான், ஆனால் உட்கார்ந்தால் மூச்சு முட்டியது. சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் வெளியே இழுங்கள், அந்தக் கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே மாட்டுங்கள், வெள்ளை பல்பை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பு போடுங்கள் என்றேன். அரை மணி நேர வேலை. டாக்டரின் மனைவி ஹால் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு ஒருத்தி சொல்லி ஒருத்தியாகக் கூப்பிட்டார்கள். காக்களூரில் ஒரு பட்டறை முதலாளி வீடு, கும்மிடிப்பூண்டியில் நாலைந்து அபார்ட்மெண்ட். கேசவ்தான் போனை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோ எடுக்கச் சொல்லிக்கொடுத்தான்.

எல்லா வீடியோவுக்குக் கீழேயும் ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கும். "உங்க வீட்டை எப்போ காட்டுவீங்க மாமி? ஹோம் டூர் ப்ளீஸ்." நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டு, சீக்கிரம் என்று பதில் எழுதுவேன். ஆறு வருஷமாக எழுதினேன்.

ஆறு வருஷத்துக்கு முன்புதான் என் கணவருக்குக் கண் முழுதாகப் போனது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார்கள். நான் அவரைக் கவனிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். சொட்டு மருந்து ஒரு வேளை தவறியதில்லை. சென்னைக்கு மாதம் இரண்டு தடவை அழைத்துப் போய் வந்தது நான்தான்.

கண் போனதும் அவர் செய்த முதல் காரியம் ஆள் வைத்து ஆணி அடித்தது. எங்கள் வீட்டுத் தரை பழைய சிவப்புக் காவித் தரை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் முகம் பார்க்கலாம். அந்தத் தரையில் சோபாவின் ஒவ்வொரு காலையும் சுற்றி ஆணி, டீப்பாய்க்கு ஆணி, இரண்டு நாற்காலிகளுக்கும் ஆணி. எதுவும் ஒரு விரல்கடை நகரக்கூடாது. நகர்ந்தால் அவர் முழங்காலுக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் டீப்பாய் மேல் சின்னதாக ஒரு செம்பருத்திக் கிண்ணம் வைத்தேன். கை பட்டுக் கவிழ்ந்தது. அடுத்த நாளிலிருந்து டீப்பாய் மேல் எதுவும் கிடையாது. வாசல் அறைக்கு ஒரு திரை போட்டேன். முகத்தில் உரசுகிறது என்று கம்பியோடு பிடுங்கிப் போட்டார். அடிக்கிறவர், திட்டுகிறவர் எல்லாம் இல்லை. பொறுமையாகத்தான் சொல்வார்.

கடைசியில் முற்றம். எங்கள் வீட்டில் ஹாலுக்கு நடுவில் முற்றம் உண்டு, மேடம். முழங்கால் ஆழம், சுற்றிலும் கருங்கல் விளிம்பு, மேலே வானம். அந்த வீட்டில் இருந்த ஒரே அழகு அதுதான். தவறி விழுந்துவிடுவேன் என்று பள்ளத்தைப் பலகை போட்டு மூடச் சொன்னார். மழைத் தண்ணீர் பலகையை ஊறவைக்கிறது என்று மேலே தகரமும் போட்டாயிற்று. அன்றிலிருந்து வீடு பகலிலும் இருட்டு. நான் சுவிட்சைப் போட்டால் சத்தம் கேட்டுவிடும். "எதுக்குடி லைட்டு?" என்பார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். தகரத்தை மட்டுமாவது எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போடலாமே, வீடு எப்படி இருக்கு தெரியுமா என்று. அவர் அவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்:

"பாக்கறதுக்கு யார் இருக்கா இந்த ஆத்துல?"

எதிரே நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் அவருக்கான மோர் டம்ளர் இருந்தது. இந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, கேசவிடம்கூட. சொன்னால், பாவம் கண் தெரியாதவர் ஏதோ சொல்லிவிட்டார் என்பார்கள். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கண் தெரியாதவருக்குச் சாமான்கள் இடம் மாறாமல் இருக்க வேண்டும்தான். அந்த வீட்டில் இருந்த இரண்டு பேரில் ஒருத்திக்குக் கண் இருந்தது என்பதை அவர் மறந்தே போய்விட்டார் என்றுதான் சொல்கிறேன். எனக்கு அன்று வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை. அதை மறைக்கவும் விருப்பமில்லை.

கேசவ் கல்யாணம்தான் வழி திறந்தது. பெண் பெயர் கோதா. பெண் வீட்டார் ஆவணியில் வீடு பார்க்க வருவதாக இருந்தது. "அப்பா, இந்த இருட்டுக்குள்ள யாரைக் கூட்டிண்டு வரது?" என்று கேசவ் கேட்டான். பிள்ளை கேட்டால் அவர் தட்டமாட்டார். முற்றத்தைத் திறக்கச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: எது இடம் மாறினாலும் அவரிடம் சொல்ல வேண்டும், சொல்லி, அந்த வழியில் பத்துத் தடவை அவரை நடத்திக் காட்ட வேண்டும். சரி என்றேன்.

காக்களூரிலிருந்து மோசஸ் வந்தார். மேஸ்திரி வேலை, தச்சு வேலை இரண்டும் தெரிந்தவர். என் பாதி வீடுகள் அவர் கையால் ஆனவை. தகரத்தைக் கழற்றிய அன்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும். கடைசித் தகடு இறங்கியதும் வெயில் நேராகக் காவித் தரையில் விழுந்து நாலு சுவரிலும் ஏறியது. ஆறு வருஷ ஒட்டடை, தூசி எல்லாம் மின்னியது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். உள்ளே அவர், "என்னடி சத்தம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு மடமடவென்று வேலை நடந்தது. சுவருக்குச் சங்கு வெள்ளை. ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளைக் காவி குழைத்து அடைத்தோம். முற்றத்துக்கு நடுவில் பழைய கல்தொட்டி ஒன்றை வைத்துத் தண்ணீர் நிரப்பினேன், பூ மிதக்கவிட. விளிம்போரம் இரண்டு பாக்குப்பனைத் தொட்டிகள். சுவரில் படங்களை மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் மாட்டினேன். இரட்டைப்படையில் மாட்டினால் ஆபீஸ் மாதிரி ஆகிவிடும். சொன்ன வாக்குப்படி ஒவ்வொன்றையும் அவருக்குச் சொன்னேன், நடத்தியும் காட்டினேன். மற்ற நேரமெல்லாம் அவர் சுவரில் கை வைத்துக்கொண்டு நடப்பார், அதில் சிக்கலில்லை. சிக்கல் காலையில் மட்டும்தான். அதற்கு மடி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் அகங்களில் பெருமாளுக்குத் திருவாராதனம் செய்கிறவர் குளித்துவிட்டு, முந்தின நாள் தனியாக உலர்த்தி வைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டால் மடி. அந்த மடியோடு பூஜை முடிகிறவரை குளிக்காத யாரும் அவரைத் தொடக்கூடாது. பட்டால் திரும்பவும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அவரும் மற்றவர் புழங்கியதைத் தொடமாட்டார். என் கணவர் இதில் ஒரு படி மேல். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரைக்கூட மடியில் தொடமாட்டேன் என்றார். "எவன் எவனோ தடவின சுவர்" என்றார். மோசஸ் அப்போது பக்கத்து அறையில் கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். கேட்காத மாதிரி இழைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே கொல்லைக் கதவிலிருந்து பெருமாள் உள் என்கிற பூஜை அறை வரை பதினாறு அடி தூரத்தை அவர் எதையும் தொடாமல் நடந்தாக வேண்டும். இரண்டு கையிலும் தீர்த்தச் சொம்பு வேறு. வாய் பாசுரம் சொல்லிக்கொண்டே இருக்கும். முடிகிறவரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. முற்றம் மூடியிருந்தபோது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பலகைதான், பயமில்லை. இப்போது இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் சுவர், நடுவில் மூன்றடி நடை.

அவருக்கு அந்த வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தான். மாமனார் காலத்துப் பெண்டுலம் கடியாரம் ஒன்று இருந்தது, நல்ல சத்தம். அதை நடையின் மறுகோடியில், பெருமாள் உள் நிலைப்படிக்கு மேலே மாட்டினேன். "கொல்லைக் கதவைத் தாண்டினதும் ஒரு நிமிஷம் நில்லுங்கோ. டிக் டிக்னு எங்கேருந்து வரதோ அந்தப் பக்கம் மூக்கை வச்சுண்டு நேரா நடங்கோ. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன். பத்துத் தடவை நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். பத்தாவது தடவை ஒரு அடிகூடப் பிசகவில்லை. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "நீ இருக்கறச்சே எனக்கென்ன குறைடி" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

மோசஸ் முற்றத்தைச் சுற்றிச் சவுக்குக் கழியால் ஒரு தடுப்பும் கட்டியிருந்தார். பிறகு கண்ணாடித் தடுப்பு போடுவதாக ஏற்பாடு. கோயிலில் ஆனி ஜ்யேஷ்டாபிஷேகத்துக்கு முந்தின நாள் அந்தக் கழிகளை எடுக்கச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"வேணாம் மாமி. சார்க்குக் கண்ணு தெரியாது. இத்த எடுத்துட்டா பேஜாராயிடும். கண்ணாடி வர்ற வரைக்கும் கெடக்கட்டும்."

"ஒரு நாள்தான் மோசஸ். நாளைக்கு வீடியோ எடுக்கணும். மாட்டுக் கொட்டாய் மாதிரி கழியைக் கட்டி வெச்சுண்டு எப்படி எடுக்கறது?"

"வீடியோ எடுத்துக்கினு ஒடனே கட்டிடணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் முற்றத்தில் எதிர்வீட்டு மாடியைத் தாண்டி முதல் வெயில் விழுவது காலை ஆறு இருபதுக்கு. இருபது நிமிஷம்தான் அந்தப் பொன் நிறம் இருக்கும். அப்புறம் வெள்ளை வெயிலாகிவிடும். அந்த நேரத்தில்தான் எடுத்தாக வேண்டும். அவர் குளிக்கப் போவதும் ஆறு மணிக்கு. போனை ஸ்டாண்டில் நிறுத்தி, சட்டத்துக்குள் என்ன தெரிகிறது என்று பார்த்தேன். முன்பக்கம் இடது கோடிச் சுவரில் ஐந்து படங்கள் மாட்டியிருந்தேன். நடுவில் ஒன்று சின்னதாக இருந்து குழுவே சப்பென்று இருந்தது. கனமான பொருள் ஒன்று தேவைப்பட்டது. அந்த வீட்டில் அந்த அளவுக்கு, அந்தத் தேக்கு நிறத்தில் இருந்தது கடியாரம் ஒன்றுதான். அவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, பெருமாள் உள் நிலைப்படியிலிருந்து கடியாரத்தை இறக்கி அந்தச் சுவரில் மாட்டினேன். பெண்டுலத்தை ஆட்டிவிட்டேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. இன்னொரு தடவை அந்தச் சுவரை அலங்கரிக்கச் சொன்னாலும் அங்கேதான் மாட்டுவேன்.

அந்தச் சுவருக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் நேர்கோடு போட்டால் அது முற்றத்தின் குறுக்கே போகும். உங்கள் ஆட்கள் டேப் பிடித்து அளந்து படம் போட்டார்கள். அளக்காமலேயே சொல்லியிருப்பேன்.

அவர் வந்தார். கதவைத் தாண்டி நின்றார். காதைச் சாய்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு சத்தம் வந்த பக்கம் உடம்பைத் திருப்பிக்கொண்டு, சொம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நடந்தார். அவருக்கு அதில் நல்ல பழக்கம் வந்திருந்தது. நான் விளிம்போரம் பாக்குப்பனைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனார். கை நீட்டினால் தோள் எட்டும். ஐந்தாவது அடியில் கீழே தரை இல்லை. பள்ளம் முழங்கால் ஆழம்தான், எழுந்துவிடலாம். கல்தொட்டி விளிம்பு நெற்றிப்பொட்டில் பட்டுவிட்டது. தொட்டியில் மிதந்த நந்தியாவட்டைப் பூக்கள் வெளியே சிதறின. ஆம்புலன்ஸுக்கு நானே போன் செய்தேன். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் போய்விட்டார்.

அன்று முழுக்க எங்கள் அகத்தில் கூட்டம். ஏன் பிடிக்கவில்லை என்று எங்கள் மனிதர்களில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. மாறாக அவர்களே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். "மடியா இருந்த மனுஷனை அவ எப்படித் தொடுவா? பாவம், கையைப் பிசைஞ்சுண்டு நின்னிருப்பா" என்று அத்தை முறையாகிற கிழவி ஒருத்தி என் முதுகைத் தடவினாள். "சேவிக்கறச்சே குரலும் குடுக்கக் கூடாதே" என்றார் கோஷ்டிக்காரர் ஒருவர். எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். நியாயமாகத்தான் இருந்தது. அந்தக் கட்டுப்பாடுகளை நான் உண்டாக்கவில்லை. ஆயுசு முழுக்க அவர்கள் என் தலையில் கட்டியவை; ஒரு நாள் எனக்கு உபயோகப்பட்டால் அதற்கு நான் என்ன செய்வேன்?

பன்னிரண்டாம் நாள் முடிந்து, பதின்மூன்றாம் நாள் சுபம். முற்றத்தைச் சுற்றி நாற்பது இலை போட்டோம். கேசவ் சாப்பிடவில்லை, கொல்லைக் கதவில் சாய்ந்தபடி முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டு எழுந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெளிச்சம் நன்னா இருக்கு" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது.

இருபதாம் நாள் ஹோம் டூரைப் போட்டேன். அதற்குத்தான் எங்கள் தெருவே கொதித்தது. புருஷன் போய் மாசம் திரும்பவில்லை, இவள் வீட்டைக் காட்டுகிறாள் என்று. அவர் செத்ததற்குக் காட்டாத கோபத்தை அந்த வீடியோவுக்குக் காட்டினார்கள். போடாமல் வைத்திருந்தால் எனக்குத்தான் நல்லது என்று தெரியும். ஆனாலும் போட்டேன். ஆறு வருஷமாக வாக்குக் கொடுத்த வீடு அது. என் வீடு. ஒருத்தி அதை ஒழுங்கு பண்ணியிருக்கிறாள் என்று நாலு பேர் பார்க்கட்டும்.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற கங்கம்மா அதைப் போனில் பார்த்திருக்கிறாள். விழுந்த அன்று ஏழு மணிக்கு அவள் வந்தபோதே, அந்தக் களேபரத்திலும், "இன்னா மாமி, கடியாரம் இந்தாண்ட வந்துகீது? சாமி அத்த கேட்டுக்கினுதானே நடப்பாரு?" என்று கேட்டாள். கேசவ் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்து சேருவதற்குள் நான் கடியாரத்தைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டிருந்தேன். யோசித்துப் பார்த்தபோது இடது சுவருக்கு அது அவ்வளவு எடுபடவில்லை என்று தோன்றியது. அப்படித்தான் உங்களிடமும் முதலில் சொன்னேன். வீடியோவில் கடியாரம் ஒரு சுவரில், வீட்டில் இன்னொரு சுவரில். கங்கம்மா உங்களிடம் வந்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. வீட்டில் எது இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு எப்போதும் உண்டு, நான்தான் பழக்கினேன்.

வீடியோவின் கடைசியில் நான் வெட்டிய பதினொரு விநாடியை என் போனிலிருந்தே எடுத்துவிட்டீர்கள். அழித்தது முப்பது நாள் உள்ளேயே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதில் அவர் படத்தில் தெரியமாட்டார், குரல் மட்டும்தான். கதவைத் தாண்டி அதிக நேரம் நின்றார் என்று எழுதினேனே, அப்போது பாசுரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தி, "மங்கா, சத்தம் அந்தப் பக்கம் கேக்கறதே. இருக்கியா?" என்றார். ஆகவே குறுக்கே பேசக்கூடாது என்ற பேச்சுக்கு இடமில்லை. அவரே பேசினார். என் பதிலுக்காக நின்றார். நான் பேசவில்லை. நான் அங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டார். ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

இவ்வளவையும் இரண்டு மணி நேரம் உங்களிடம் வாயால் சொன்னேன். நீங்கள் நடுவில் எதுவும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது கதவருகில் நின்று ஒன்று கேட்டீர்கள். "எல்லாம் சரி மாமி. குளிக்காததால தொடலன்னு எல்லாரும் சொல்றாங்க. வீடியோ ஆரம்பத்துல ஈரத் தலையில நுனி முடிச்சு போட்டுக்கிட்டு நிக்கிறீங்களே, அன்னைக்கு நீங்க எத்தன மணிக்குக் குளிச்சீங்க?"

எங்கள் ஜனத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. நான் பதில் சொல்லாததால்தான் இந்தப் பேப்பரைக் கொடுத்தீர்கள். மன்னிப்பு எதுவும் இதில் இருக்காது. கோர்ட்டில் கேட்டாலும் இருக்காது. கேள்விக்குப் பதில் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஐந்து மணிக்கே தலைக்குக் குளித்தேன். முந்தின நாள் அவருடைய வேட்டியோடு ஒரே கொடியில் உலர்த்தியிருந்த புடவையை எடுத்து மடிசார் கட்டிக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் போனபோது நானும் மடியாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.